இரவு ஒன்றரை மணிக்குக் குழந்தை கடல்நாய்போல் குரைத்தால்: கனடாவில் முதல் பனிக்காலத்தைப் பார்க்கும் பெற்றோருக்கு

எங்கள் பையனுக்கு அப்போது ஒன்றரை வயது. ஸ்கார்பரோவில் ஒரு பேஸ்மென்ட் வீடு, நவம்பர் கடைசி வாரம், நாங்கள் கனடாவுக்கு வந்து ஐந்தாவது மாதம். சாயங்காலம் லேசாக மூக்கு ஒழுகியது, அவ்வளவுதான். இரவு ஒன்றரை மணிக்கு நாய் குரைக்கிற சத்தம் கேட்டு எழுந்தேன். மேல்வீட்டுக்காரர்களிடம் நாய் கிடையாது என்பது நினைவுக்கு வரக் கொஞ்ச நேரம் ஆனது. குரைத்தது என் பிள்ளை.

அன்றிரவு நாங்கள் செய்ததில் பாதி தப்பு. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்பது நிமிடம் உட்கார்ந்தோம். ஊரிலிருந்து கொண்டுவந்த இருமல் சிரப்பைத் தேடினோம். ஹெல்த் கார்டை யார் எங்கே வைத்தது என்று நானும் மனைவியும் சண்டை போட்டோம். எங்கள் சத்தத்தில் அவன் இன்னும் அழுதான், அழ அழ மூச்சு இன்னும் இறுகியது.

நான் டாக்டர் இல்லை. மூன்று பனிக்காலத்தில் நான்கு முறை இதைப் பார்த்துவிட்ட அப்பா. கீழே எழுதியிருப்பது ஒன்டாரியோ நடைமுறை. வேறு மாகாணத்தில் இருந்தால் அட்டையும் கட்டணமும் மாறும், மூச்சைப் பற்றிச் சொல்வது மாறாது.

இதன் பெயர் குரூப். போனில் சொன்னபோது அம்மா, “எந்த குரூப்புப்பா, ஓ பாசிட்டிவா?” என்று கேட்டார். ரத்த குரூப் இல்லை. குரல்வளையும் அதற்குக் கீழே மூச்சுக்குழாயும் வைரஸால் வீங்குவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். பெரும்பாலும் பாராஇன்ஃபுளுவென்சா என்ற வைரஸ். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அதிகம், பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்குச் சற்று அதிகம். இலையுதிர் காலக் கடைசியிலும் பனிக்காலத் தொடக்கத்திலும் வரும். பெரியவர்களுக்கு இதே வைரஸ் வந்தால் தொண்டை கட்டிக்கொள்வதோடு போய்விடும். குழந்தையின் குழாய் அவ்வளவு சிறியது, கொஞ்சம் வீங்கினாலே காற்றுப் போக இடம் இருக்காது.

1. பனி விழும் முன்பே அட்டையை வாங்கி வையுங்கள்

குழந்தைக்குத் தனியாக ஓஹிப் (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடு) அட்டை வேண்டும். உங்கள் அட்டையில் குழந்தை சேராது. சர்வீஸ் ஒன்டாரியோ அலுவலகத்துக்கு நேரில் போக வேண்டும். மூன்று விஷயத்துக்கு அசல் ஆவணம் கேட்பார்கள்: குடியுரிமை அல்லது குடியேற்ற நிலை (பி.ஆர். என்ற நிரந்தர வசிப்புத் தாள், வொர்க் பெர்மிட் போன்றவை), ஒன்டாரியோவில் குடியிருப்பது, அடையாளம். நகல் எடுத்துக்கொண்டு போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு இடறுவது இரண்டாவதுதான், ஏனென்றால் கரன்ட் பில், கேஸ் பில் எல்லாம் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். வங்கிக் கணக்கு அறிக்கையைத் தபாலில் வரவழைத்து வைத்துக்கொள்ளுங்கள். என்னென்ன தாள் செல்லும் என்ற பட்டியல் அரசு இணையதளத்தில் இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

பிளாஸ்டிக் அட்டை தபாலில் வரச் சில வாரம் ஆகும். அதுவரை கையில் கொடுக்கும் தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அட்டை வந்ததும் இரண்டு பக்கமும் படம் எடுத்துப் போனில் வையுங்கள். பத்து இலக்க எண்ணோடு அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளும் தேவைப்படும்.

இன்னும் ஓஹிப் வராத குடும்பமாக இருந்தாலும் குழந்தைக்கு மூச்சு திணறினால் தயங்காமல் எமர்ஜென்சிக்குப் போங்கள். பார்க்காமல் அனுப்ப மாட்டார்கள். பில் பின்னால் வரும், பெரிய தொகையாகவும் இருக்கலாம். அதனால் வந்திறங்கும் முதல் மாதங்களுக்குத் தனியார் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது. அகதி விண்ணப்பதாரர்களுக்கு மத்திய அரசின் இடைக்கால மருத்துவத் திட்டம் உண்டு, அந்தத் தாளைக் கொண்டுபோக வேண்டும்.

2. முதலில் காது கொடுத்துக் கேளுங்கள்

மூன்று சத்தம் உண்டு. குரைக்கிற இருமல் ஒன்று. இங்கே எல்லோரும் கடல்நாய்போல் என்பார்கள், கேட்டால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். இரண்டாவது, குரல் கம்மிப்போவது, அழுகைகூடக் கரகரப்பாக வரும். மூன்றாவதுதான் முக்கியம்: மூச்சை உள்ளே இழுக்கும்போது ‘ஹீ...க்’ என்று ஒரு கீச்சொலி. ஸ்ட்ரைடார் என்பார்கள்.

நம் ஊரில் நெஞ்சில் எந்தச் சத்தம் கேட்டாலும் ‘வீசிங்’ என்று சொல்லிப் பழக்கம். வீசிங் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கும், குரூப் சத்தம் உள்ளே இழுக்கும்போது. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலர் ஊரிலிருந்து கொண்டுவந்த நெபுலைசரில் ஆஸ்தாலினை ஊற்றி வைக்கிறார்கள். அது நுரையீரலின் சிறு குழாய்களைத் திறக்கும் மருந்து, குரல்வளை வீக்கத்துக்கு ஒன்றும் செய்யாது.

கையில் போன் இருந்தால் முப்பது நொடி வீடியோ எடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது சத்தம் நின்றுவிடுவது இந்த நோயின் குணம். எங்களுக்கு முதல் முறை அப்படித்தான் ஆனது. பையன் நர்ஸைப் பார்த்துச் சிரித்தான், நாங்கள் அசடு வழிந்தோம்.

3. இருமலை விடுங்கள், மூச்சைப் பாருங்கள்

இருமல் சத்தம் எவ்வளவு பயங்கரமாக இருக்கிறது என்பதை வைத்து நோயின் கடுமையை அளக்க முடியாது. எனக்கு இது புரிய இரண்டு வருடம் ஆனது. இருமாமல், அழாமல், அமைதியாக இருக்கும் நேரத்தில் குழந்தையின் சட்டையைத் தூக்கி நெஞ்சைப் பாருங்கள்.

உடனே 911 (அவசர உதவி எண்) கூப்பிட வேண்டியவை:
- உதடு, முகம் நீலமாகவோ சாம்பல் நிறமாகவோ மாறுவது
- மூச்சுக்குத் தவித்து அழக்கூட, பேசக்கூட முடியாமல் இருப்பது
- எச்சிலை விழுங்க முடியாமல் வாயில் வழியவிட்டு, முன்னால் சாய்ந்து உட்கார்ந்துகொள்வது
- துவண்டுபோவது, எழுப்பினாலும் சரியாக எழாமல் இருப்பது
- திணறிக்கொண்டிருந்த குழந்தை சோர்ந்துபோய்ச் சத்தம் குறைவது. இதைப் பார்த்து ‘அப்பாடா, சரியாகிவிட்டது’ என்று நினைத்துவிடாதீர்கள்

சும்மா இருக்கும்போதே கீச்சொலி கேட்டால், விலா எலும்புகளுக்கு இடையிலோ கழுத்துக் குழியிலோ தோல் உள்ளே இழுத்துப் போனால், அப்போதே எமர்ஜென்சிக்குக் கிளம்ப வேண்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தை என்றால் லேசாக இருந்தாலும் டாக்டர் பார்த்தாக வேண்டும். சளியோ காய்ச்சலோ இல்லாமல், விளையாடிக்கொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருந்த குழந்தைக்குத் திடீரென்று மூச்சில் சத்தம் வந்தால் அது குரூப் இல்லாமல் கடலை, முறுக்குத் துண்டு, பொம்மையின் பாகம் எதுவோ மாட்டியதாக இருக்கலாம். அதற்கும் 911தான்.

குரைக்கிற இருமல் மட்டும் இருக்கிறது, அழுதால் மட்டும் கீச்சொலி வருகிறது, மற்றபடி குழந்தை பால் குடிக்கிறது, விளையாடுகிறது என்றால் 811-ஐக் கூப்பிடுங்கள். நாள் முழுக்க நர்ஸ் இருப்பார், கட்டணம் கிடையாது, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். போனைக் குழந்தையின் அருகே பிடிக்கச் சொல்லி மூச்சைக் கேட்பார்கள், அதனால் பக்கத்து அறையில் நின்று பேசாதீர்கள்.

கோவிட் காலத்தில் வாங்கிய விரல் ஆக்சிமீட்டரை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். குரூப்பில் ஆக்சிஜன் அளவு கடைசியில்தான் இறங்கும். எண் 98 காட்டும்போதே குழந்தை மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கலாம்.

4. அழவிடாதீர்கள், வெளிக்காற்றைக் கொடுங்கள்

அழும்போது வேகமாக இழுக்கும் காற்று, குறுகிய குழாயை இன்னும் ஒடுக்கும். அதனால் வீட்டில் கொடுக்கக்கூடிய முதல் மருந்து மடிதான். நிமிர்த்தி உட்கார வைத்து, பிடித்த கார்ட்டூனைப் போடுங்கள். இரவு இரண்டு மணிக்குத் திரை பார்ப்பதைப் பற்றியெல்லாம் அன்றைக்குக் கவலைப்பட வேண்டாம். ஸ்பூனை விட்டுத் தொண்டையைப் பார்க்காதீர்கள். எச்சில் வழியும் குழந்தைக்கு அது ஆபத்தாகவே முடியலாம்.

அப்புறம் ஆவி. எங்கள் வீட்டிலும் உங்கள் வீட்டிலும் முதலில் கை போவது அங்கேதான். ஈரக்காற்று குரூப்புக்கு உதவுவதாகச் சோதனைகளில் தெரியவில்லை. வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்து குழந்தைகள் வெந்துபோவது மட்டும் நிஜமாக நடக்கிறது. குளிர்ந்த வெளிக்காற்றுதான் உதவுகிறது. ஆஸ்பத்திரியில் டெக்ஸாமெத்தசோன் மருந்து (கீழே ஆறாவதில் வருகிறது) கொடுத்தபின் அரை மணி நேரம் 10 டிகிரிக்குக் குறைந்த வெளிக்காற்றில் வைத்த குழந்தைகளுக்கு, உள்ளேயே இருந்தவர்களைவிடச் சீக்கிரம் அறிகுறி குறைந்ததாக ஜெனீவாவில் நடந்து 2023-இல் வெளியான ஒரு ஆய்வு சொல்கிறது. நம் பாட்டிகள் கேட்டால் அடிக்க வருவார்கள்: சளி பிடித்த பிள்ளையைப் பனியில் நிறுத்துவதாவது! தொப்பி, காலுறை போட்டுக் கம்பளியில் சுற்றி, முகத்தை மட்டும் திறந்துவைத்து வாசலில் பத்து நிமிடம் நில்லுங்கள். மைனஸ் இருபதில் இது வேண்டாம். ஜன்னலைத் திறந்து பக்கத்தில் உட்காருங்கள், இல்லையென்றால் ஃப்ரீசர் கதவைத் திறந்து முன்னால் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன அபாய அறிகுறி ஏதாவது இருந்தால் இதற்காக ஒரு நிமிடம்கூடத் தாமதிக்க வேண்டாம்.

கொடுக்கக்கூடாதவை: ஆறு வயதுக்குள் இருமல், சளி சிரப் வேண்டாம் என்பது ஹெல்த் கனடாவின் நிலை. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. கற்பூரம் கலந்த தைலத்தை மூக்கருகே தடவ வேண்டாம், இரண்டு வயதுக்குள் விக்ஸும் வேண்டாம். சாம்பிராணிப் புகை, தாளிக்கிற புகை, சிகரெட் எல்லாம் பேஸ்மென்ட்டில் வெளியேற வழியில்லாமல் அங்கேயே சுற்றும்.

காய்ச்சல் மருந்தில் ஒரு பொறி இருக்கிறது, கவனியுங்கள். ஊரில் பாராசிட்டமால், இங்கே அசிட்டமினோஃபென், இரண்டும் ஒரே மருந்து. ஆனால் அடர்த்தி வேறு. நம் ஊர்ச் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். இங்கே கைக்குழந்தைச் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 80, குழந்தைகள் சிரப்பில் 5 மில்லிக்கு 160. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது கணக்கு. 11 கிலோ குழந்தைக்கு அதிகபட்சம் 165 மில்லிகிராம், அதாவது இங்குள்ள சொட்டு மருந்தில் 2 மில்லி, சிரப்பில் 5 மில்லி. சிரப் அளவை மனதில் வைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் இரண்டரை மடங்காகிவிடும். ஊர்ப் பாட்டிலையும் இந்த ஊர்ப் பாட்டிலையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

5. கிளம்பும்போது

நவம்பரிலேயே கதவருகே ஒரு பையை மாட்டி வையுங்கள்: ஓஹிப் அட்டை, குழந்தையின் கடைசி எடை எழுதிய சீட்டு, மஞ்சள் தடுப்பூசி அட்டை (ஊரில் போட்ட ஊசிகளின் பதிவும்), டயப்பர், மாற்றுடை, பால் பாட்டில், போன் சார்ஜர். ஹிப் ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்பார்கள். குரூப் மாதிரியே தோன்றி உயிரை எடுக்கக்கூடிய வேறொரு தொண்டை வீக்கம் உண்டு, அதைத் தடுப்பது அந்த ஊசிதான். ஊரில் பெண்டாவேலன்ட் என்று போட்டிருந்தால் அதற்குள் ஹிப் இருக்கும்.

கார் வெளியே நிற்கிறதா? எஞ்சினைப் போடும் முன் பின்னாலுள்ள புகைக்குழாயைச் சுற்றிப் பனி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் நச்சுப்புகை உள்ளே வரும். கார் சீட்டில் குழந்தையைப் பருத்த பனிக்கோட்டோடு கட்டாதீர்கள், பெல்ட் தளர்ந்துவிடும். மெல்லிய உடையில் கட்டிவிட்டு மேலே கம்பளியைப் போர்த்துங்கள். ஒருவர் பின்சீட்டில் குழந்தையோடு உட்கார வேண்டும். தனியாக இருந்து, குழந்தை திணறுகிறது என்றால் நீங்கள் ஓட்டாதீர்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

6. எமர்ஜென்சியில் என்ன நடக்கும்

வாசலிலேயே ஒரு நர்ஸ் பார்த்து எவ்வளவு அவசரம் என்று தரம் பிரிப்பார். வந்த வரிசைப்படி கூப்பிட மாட்டார்கள். உங்களுக்குப் பின்னால் வந்தவர் முன்னால் போனால் சண்டைக்குப் போகாதீர்கள், உங்களைக் காக்க வைக்கிறார்கள் என்றால் குழந்தை தாங்கும் நிலையில் இருக்கிறது என்று அர்த்தம். முதல் முறை நாங்கள் நான்கு மணி நேரம் உட்கார்ந்தோம். மூன்றாவது முறை மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, நான்கு நிமிடத்தில் உள்ளே கொண்டுபோனார்கள். காத்திருக்கும்போது மோசமானால் எழுந்துபோய்ச் சொல்லுங்கள். கூச்சப்பட்டு உட்கார்ந்திருப்பது நம்மவர்கள் வழக்கம்.

மருந்து டெக்ஸாமெத்தசோன், வாய்வழியாக ஒரே ஒரு வேளை. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.6 மில்லிகிராம். ‘ஸ்டீராய்டா?’ என்று பதறாதீர்கள், நான் பதறினேன். தினமும் மாதக்கணக்கில் கொடுப்பதோடு இதை ஒப்பிடக்கூடாது. கனடாவிலேயே லேசான குரூப் உள்ள 720 குழந்தைகளிடம் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். மருந்து குடித்தவர்களில் திரும்ப டாக்டரைத் தேடி வந்தவர்கள் சுமார் 7 சதவீதம், குடிக்காதவர்களில் சுமார் 15. ஓரிரண்டு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கும், இரண்டு மூன்று நாள் தாங்கும். குடித்த சிறிது நேரத்தில் வாந்தி எடுத்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள், மறுபடி கொடுக்க வேண்டியிருக்கலாம்.

மூச்சு ரொம்ப இறுகியிருந்தால் எபிநெஃப்ரின் மருந்தைப் புகையாக முகமூடி வழியே கொடுப்பார்கள். பத்து முதல் முப்பது நிமிடத்தில் குழந்தை தெளிந்துவிடும். உடனே வீட்டுக்குப் போகலாமா என்று கேட்காதீர்கள். அதன் வேலை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் முடிந்து வீக்கம் திரும்பி வரலாம், அதனால் சில மணி நேரம் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எதுவும் பொதுவாக எடுக்க மாட்டார்கள். ஆன்டிபயாட்டிக்கும் இல்லை, வைரஸுக்கு அது எதற்கு? முதல் முறை மறுநாள் மனசு கேட்காமல் ஒரு வாக்-இன் கிளினிக்கில் காட்டினோம். இரண்டு நிமிடத்தில் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்தார்கள். பையனுக்கு வயிற்றுப்போக்கு வந்ததுதான் மிச்சம்.

7. செலவு

ஓஹிப் இருந்தால் எமர்ஜென்சியும் அங்கே கொடுக்கும் மருந்தும் இலவசம். ஆம்புலன்ஸ் தேவைப்பட்டதுதான் என்று டாக்டர் கருதினால் 45 டாலர், தேவையில்லாமல் கூப்பிட்டதாகக் கருதினாலோ ஓஹிப் இல்லையென்றாலோ 240 டாலர். பில் ஆஸ்பத்திரியிலிருந்து பின்னால் தபாலில் வரும். அந்தப் பயத்தில் 911 கூப்பிடாமல் இருக்காதீர்கள், நீலம் பாரித்த குழந்தையை யாரும் ‘தேவையில்லாமல்’ என்று சொல்லப்போவதில்லை. பார்க்கிங்குக்குப் பணம் ஆகும். எங்களுக்கு நான்கு முறையும் ஆன செலவு அது ஒன்றுதான்.

பகலில் குடும்ப டாக்டர் மருந்துச் சீட்டு கொடுத்தால்: தனியார் காப்பீடு இல்லாத 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஓஹிப் பிளஸ் பட்டியலில் உள்ள மருந்து இலவசம். வேலை இடத்துக் காப்பீட்டில் குழந்தையைச் சேர்த்திருந்தால் அதன் வழியாகத்தான். இன்னொன்று, குழந்தைக்கு ஏற்றபடி டெக்ஸாமெத்தசோனைத் திரவமாகக் கலந்து கொடுக்க எல்லா மருந்துக் கடையிலும் வசதி இருக்காது. போன் பண்ணிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

8. திரும்பி வந்த பிறகு

பகலில் குழந்தை ஓடியாடும். ஏமாந்துவிடாதீர்கள், இருட்டியதும் மறுபடி குரைக்கும். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது இரவு வரைதான் மோசம், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். அந்த இரவுகளில் ஒருவர் குழந்தையின் அறையிலேயே படுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் முறை வைத்துக்கொண்டோம், மூன்று மணி வரை அவள், அதன் பிறகு நான். வாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாக நீராகாரம் கொடுங்கள். எட்டு மணி நேரமாக டயப்பர் நனையவில்லை என்றால் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

டேகேருக்கு எப்போது அனுப்புவது என்பதை அவர்களிடமே கேளுங்கள். பல இடங்களில் மருந்து இல்லாமல் ஒரு நாள் முழுக்கக் காய்ச்சல் விட்டிருக்க வேண்டும் என்பார்கள். தொற்று, நோய் தொடங்கிச் சுமார் மூன்று நாள் அல்லது காய்ச்சல் விடும்வரை இருக்கும். வேலைக்குப் போகிறவர்களுக்கு, சேர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தால், குடும்பப் பொறுப்பு விடுப்பு என்று வருடத்துக்கு மூன்று நாள் ஒன்டாரியோ சட்டத்தில் உண்டு. சம்பளம் கிடையாது, ஆனால் அதற்காக வேலையைவிட்டு எடுக்க முடியாது. புதிதாக வந்தவர்களுக்கு இதை யாரும் வலியச் சொல்வதில்லை.

குரூப்புக்கென்று தடுப்பூசி இல்லை. ஃப்ளூவால் வரும் குரூப் கடுமையாக இருக்கும் என்பதால் அக்டோபரில் ஃப்ளூ ஊசி போட்டுவிடுங்கள். ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்குப் போடலாம், இலவசம். ஒன்பது வயதுக்குள் முதல் முறையாகப் போடுபவர்களுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி. அதனால் டிசம்பரில் யோசிக்கத் தொடங்கினால் பாதிப் பனிக்காலம் போயிருக்கும்.

சில குழந்தைகளுக்குக் காய்ச்சலே இல்லாமல் அடிக்கடி வரும், எங்கள் பையன் அந்த ரகம். வருடத்தில் பல முறை வந்தாலோ, சளி இல்லாத நாட்களிலும் மூச்சில் சத்தம் இருந்தாலோ, காது மூக்கு தொண்டை நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் குடும்ப டாக்டரிடம் கேளுங்கள். சந்திப்புக் கிடைக்கப் பல மாதம் ஆகலாம், ஆகவே வசந்தம் வந்து இருமல் மறந்துபோகும் முன் கேட்டு வையுங்கள்.